வலி வருமுன் இறங்குங்கள்

மலைக்கிராமங்களில் தாய் சேய் நலம் பற்றிப் பேச உட்கார்ந்தால், பேச்சு ரோட்டில் ஆரம்பித்து ரோட்டிலேயே முடிந்துவிடுகிறது. ரோடு வேண்டும். கர்ப்பிணியைத் தூளியில் போட்டு, மூங்கிலின் இரண்டு முனையிலும் ஆட்கள் தோள் கொடுத்துக் காட்டாற்றைக் கடக்கிற நிலை இன்றும் தமிழ்நாட்டு மலைகளில் இருக்கிறது. இது நம் எல்லோருக்கும் தலைகுனிவு. அந்தக் கோரிக்கையை ஒரு நாளும் கைவிடக் கூடாது. ஆனால் இந்த ஆடி மாதம் வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையோடு இருக்கிற பெண்ணுக்கு ஐப்பசியில் பிரசவம். அதற்குள் ரோடு வராது. ஐப்பசியோ அடைமழைக் காலம். அவளுக்காக இன்றைக்கு, இருக்கிற வழியையும் வண்டியையும் ஆட்களையும் வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை. ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, சித்தேரி, பச்சைமலை போன்ற இடங்களில் மகளிர் குழுவிலும் ஊராட்சியிலும் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். அங்கே வேலை பார்க்கும் நர்ஸம்மாக்களுக்கும், முக்கியமாக மனைவி கர்ப்பமாக இருக்கும் இளைஞர்களுக்கும் இதில் சேதி உண்டு.

தமிழ்நாட்டின் சராசரியைப் பார்த்தால் நாம் நிம்மதியடையத் தோன்றும். 2018-20 கணக்கின்படி ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54, கேரளத்தில் 19. ஆனால் மாநிலச் சராசரி என்பது சென்னையையும் கோவையையும் சேர்த்துப் போட்ட கணக்கு. அதற்குள் மலைகள் மறைந்துபோகின்றன. எந்த ஊரில், எந்த நேரத்தில், எதனால் உயிர் போகிறது என்று பார்த்தால்தான் வேலை எங்கே கிடக்கிறது என்று தெரியும்.

மகப்பேறு மரணங்களை ஆராய்ந்த டெபோரா மெய்ன் என்ற அமெரிக்கப் பொதுச் சுகாதார அறிஞர் ஒரு நேரக் கணக்கைப் போட்டார். சிக்கல் தொடங்கியதிலிருந்து, சிகிச்சையே கிடைக்காவிட்டால், உயிர் போகச் சராசரியாக எவ்வளவு நேரம் ஆகும்? குழந்தை பிறந்தபின் வரும் உதிரப்போக்குக்கு 2 மணி நேரம். பிரசவத்துக்கு முன்பே வரும் உதிரப்போக்குக்கு 12 மணி நேரம். கர்ப்பப்பை கிழிந்தால் 1 நாள். ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வந்தால், அதாவது நம் ஊரில் ஜன்னி கண்டுவிட்டது என்பார்களே, அதற்கு 2 நாள். குழந்தை வெளிவர முடியாமல் சிக்கிக்கொண்டால் 3 நாள். கிருமித்தொற்றுக்கு 6 நாள்.

இந்தக் கணக்கை ஊர்க்கூட்டத்தில் ஒரு முறை உரக்கச் சொல்லிப் பாருங்கள். என்ன செய்ய வேண்டும் என்பது பாதி விளங்கிவிடும். முதலாவதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அரை நாளாவது கையில் இருக்கிறது. அடையாளம் தெரிந்து, அப்போதே முடிவெடுத்துக் கிளம்பினால், தூளியில் தூக்கிக்கொண்டு போனாலும் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். பிரசவத்துக்குப் பிந்தைய உதிரப்போக்கு மட்டும் அந்த அவகாசத்தைத் தருவதில்லை. 2 மணி நேரம் என்பதும் சராசரிதான்; உடம்பில் ஏற்கெனவே ரத்தம் குறைவாக உள்ள பெண்ணுக்கு அவ்வளவு நேரம்கூடக் கிடையாது. யாருக்கு அது வரும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. மூன்று பிள்ளைகளைச் சுகமாகப் பெற்றவளுக்கு நான்காவதில் வரும். மேலே ஊரில் உதிரம் கொட்ட ஆரம்பித்தபின் 108-க்குப் போன் போட்டு, வண்டி அடிவாரத்துக்கு வந்து, இவளைக் கீழே இறக்கி ஆஸ்பத்திரி சேர்ப்பதற்குள் நேரம் முடிந்துவிடும்.

ஆகவே என் முதல் ஆலோசனை இதுதான். வலி வந்தபின் எப்படி இறக்குவது என்று திட்டம் போடாதீர்கள். வலி வருவதற்கு முன்பே அந்தப் பெண் கீழே இருக்க வேண்டும். குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் அவள் தொடையில் போட வேண்டிய ஆக்ஸிடோசின் ஊசி எங்கே இருக்கிறதோ அங்கே இருக்க வேண்டும். 10 யூனிட் மருந்து, ஒரே ஒரு ஊசி. கர்ப்பப்பையைச் சுருங்க வைத்து உதிரப்போக்கைத் தடுப்பதில் அதற்கு நிகர் குறைவு.

ஆடுகளை யார் பார்ப்பது?

குறித்த தேதிக்கு ஒன்று அல்லது இரண்டு வாரம் முன்பே இறங்கிவிட வேண்டும். மலைப்பகுதியிலுள்ள சில ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதற்கென்றே பிரசவக் காத்திருப்பு அறைகள் இருக்கின்றன. இது எங்கோ யாரோ சோதித்துப் பார்க்காத யோசனை அல்ல. கியூபாவில் 1962 முதலே தொலைதூரக் கிராமப் பெண்களுக்குக் காத்திருப்பு இல்லங்கள் நடக்கின்றன. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்படி ஓர் அறை இருக்கிறதா என்று நர்ஸம்மாவிடம் கேளுங்கள். இல்லையென்றால் அடிவாரத்தில் உறவினர் வீடு பாருங்கள்; அதுவும் இல்லாவிட்டால் மகளிர் குழு சேர்ந்து ஒரு மாத வாடகைக்கு ஓர் அறை பிடிக்கலாம்.

அறை இருந்தாலும் பெண்கள் வருவதில்லை என்று சுகாதாரத் துறையில் பலரும் சலித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். மலைவாழ் மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவள் வராததற்குக் காரணங்கள் கண்ணுக்கெதிரே நிற்கின்றன. ஆடுகளை யார் பார்ப்பது? மூத்த பிள்ளைகள் இரண்டுக்கும் யார் சோறு போடுவது? கணவன் கேரளத்துக்கோ குடகுக்கோ தோட்ட வேலைக்குப் போயிருக்கிறான். சாமை அறுவடை நேரம். துணைக்கு வரும் மாமியாருக்குக் கீழே என்ன சாப்பாடு? இவை அத்தனையும் நியாயமான கேள்விகள். இவற்றுக்குப் பதில் சொல்லாமல், வா வா என்று கூப்பிட்டால் எந்தப் பெண்ணும் வரமாட்டாள்.

இந்தப் பதில்களை மகளிர் குழுவால்தான் சொல்ல முடியும். ஏழாம் மாதம் முடிவதற்குள் குழு அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேச வேண்டும். கணவனும் மாமியாரும் கூட இருக்கட்டும். வீட்டில் முடிவெடுப்பவர்கள் அவர்கள்தான். ஆட்டை எந்த வீட்டு ஆட்டோடு சேர்த்து ஓட்டுவது, பிள்ளைகள் எந்த வீட்டில் சாப்பிட்டுப் படுப்பது, துணைக்கு யார் போவது, அவருடைய அந்த வார வேலையை யார் செய்வது என்று பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். ஊரே பார்த்துக்கொள்ளும் என்று பொதுவாகச் சொன்னால் யாரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். மருந்து, பரிசோதனை, சாப்பாடு, ரத்தம், ஆபரேஷன், பிரசவத்துக்குப் பின் வீட்டில் கொண்டுவந்து விடும் 102 வண்டி எல்லாமே அரசு மருத்துவமனையில் இலவசம். 2011-ல் வந்த ஜனனி சிசு சுரக்‌ஷா திட்டம் அதற்கு உறுதி தருகிறது. யாராவது பணம் கேட்டால் 104 என்ற சுகாதார உதவி எண்ணுக்குப் போன் செய்து சொல்லுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து 18,000 ரூபாய். கர்ப்பத்தைப் பதியும்போது தரும் பிக்மி எண் இல்லாமல் அது கிடைக்காது. ஆதலால் நாள் தள்ளிப்போனது தெரிந்தவுடனேயே, 12 வாரத்துக்குள், நர்ஸம்மாவிடம் பதிந்துவிடுங்கள்.

எந்த ஆஸ்பத்திரி என்பதையும் முன்பே முடிவு செய்ய வேண்டும். முந்தைய பிரசவம் ஆபரேஷன், வயிற்றில் இரட்டைக் குழந்தை, குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் குறுக்கே இருப்பது, ரத்த அழுத்தம், முன்பு ஒரு முறை உதிரப்போக்கு வந்தது, ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே: இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையம் போதாது. ஆபரேஷனும் ரத்தமும் இரவு பகல் எப்போதும் கிடைக்கும் சீமாங் மையத்துக்கே நேராகப் போக வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையம், தாலுகா மருத்துவமனை, மாவட்ட மருத்துவமனை என்று ஒவ்வொரு படியாக ஏறி இறங்குவதில் இழந்த உயிர்கள் ஏராளம்.

ஐப்பசி, கார்த்திகையில் தேதி விழுகிறவர்கள் இன்னும் முன்பாகவே இறங்கிவிடட்டும். மண் சரிந்து, ஓடையில் தண்ணீர் வந்தபின் எந்தத் திட்டமும் பலிக்காது.

கீழே இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

இறங்கி வருகிற பெண்ணை நாம் எப்படி நடத்துகிறோம்? பிரசவ அறையில் அதட்டும் சொல்லும், மற்றவர் எதிரே துணி விலக்கிப் பார்ப்பதும், பிள்ளை உண்டாகும்போது தெரியவில்லையா என்ற கேள்வியும் மலையேறி ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஒருத்தி அவமானப்பட்டுத் திரும்பினால் அந்த ஊரில் அடுத்த பத்துப் பேர் வீட்டிலேயே பெற்றுக்கொள்வார்கள். பிரசவ அறையில் அவள் விரும்பும் ஒரு பெண் துணைக்கு இருக்கட்டும். உலக சுகாதார நிறுவனமும் 2018-ல் அதைத்தான் வலியுறுத்தியது. மலையில் பலர் குத்தவைத்தோ முழங்காலிட்டோ பிள்ளை பெற்றுப் பழகியவர்கள். வலி நேரத்தில் அவளுக்கு வசதியான நிலையில் இருக்கவிடுவதால் ஒன்றும் கெட்டுவிடாது.

தர்மபுரி மாவட்டத்துச் சிட்லிங்கியில் ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி என்ற மருத்துவத் தம்பதி 1990-களின் தொடக்கத்தில் ஒரு குடிசையில் மருத்துவமனை தொடங்கினார்கள். அங்கே நம்பிக்கை வளர்ந்ததற்குப் பெரிய காரணம், உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களையே பயிற்றுவித்துச் சுகாதாரப் பணியாளர்களாக்கியது. தன் பேச்சைப் பேசுகிற, தன் ஊர்க்காரி ஒருத்தி பக்கத்தில் நின்றால் பாதி பயம் போய்விடும். அரசு மருத்துவமனைகளிலும் இதைச் செய்யலாம்.

இன்னும் இரண்டு காரியங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் கையில் இருக்கின்றன. ஆக்ஸிடோசின் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டிய மருந்து. மின்சாரம் அடிக்கடி போகும் மலையடிவாரத்தில் அதைச் சாதாரண அலமாரியில் வைத்துவிட்டு, ஊசி போட்டும் உதிரம் நிற்கவில்லையே என்று திகைப்பதில் பயனில்லை. அடுத்தது, உதிரத்தைக் கண்ணால் பார்த்து மதிப்பிடும் பழக்கம். கண் எப்போதும் குறைத்தே சொல்லும். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளின் 80 மருத்துவமனைகளில் நடந்து 2023-ல் வெளியான ஈ-மோட்டிவ் ஆய்வில், அளவு குறித்த பிளாஸ்டிக் விரிப்பை அடியில் வைத்து உதிரத்தை அளந்தார்கள். அளவு மீறியதும், ஒன்று கொடுத்துப் பார்த்துவிட்டு அடுத்தது என்று காத்திராமல், சிகிச்சைகளை எல்லாம் ஒரே சமயத்தில் தொடங்கினார்கள். கடும் உதிரப்போக்கும் அதனால் வரும் ஆபரேஷனும் மரணமும் சேர்ந்த கணக்கு 60 சதவீதம் குறைந்தது. இதற்கு விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை.

ரத்தமும் அழுத்தமும்

கர்ப்ப காலத்தில் செய்ய வேண்டியவை பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் இரண்டை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ரத்தம் குறைந்த உடம்பில் சிறிய உதிரப்போக்கும் உயிரைக் குடிக்கும். சத்து மாத்திரை கொடுக்கப்படுகிறது. ஆனால் அது பல வீடுகளில் கூரை இடுக்கில் இருக்கிறது. மாத்திரை போட்டால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும், பெருத்துப் பிறக்கும் என்ற பயம் இன்னும் போகவில்லை. மலம் கறுத்துப் போவதும் வயிற்றுப் புரட்டலும் அந்தப் பயத்தை வளர்க்கின்றன. இரண்டாலும் ஆபத்தில்லை. இரவு சாப்பாட்டுக்குப் பின் போட்டால் புரட்டல் குறையும். டீயோடு சேர்த்துப் போடாதீர்கள். சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் வேறு வேளைக்கு மாற்றுங்கள். ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ கூட இருந்தால் உடம்பில் நன்றாக ஒட்டும். மாத்திரை ஒழுங்காகப் போட்டும் அளவு ஏறாவிட்டால் காரணம் வேறாக இருக்கலாம். நீலகிரி, கூடலூர் பகுதிப் பழங்குடிகளிடம் காணப்படும் அரிவாள் செல் நோய் அப்படி ஒன்று; அதற்கான பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். ரத்தம் மிகவும் குறைந்தவர்களுக்கு இரும்புச் சத்தை நரம்பு வழியாக ஏற்றலாம். கடைசி மாதம் வரை காத்திருந்தால் அதற்கும் நேரம் இருக்காது.

ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டால் எச்சரிக்கை. 160/110 என்றால் அன்றே ஆஸ்பத்திரி. கால் வீங்கினால் பிள்ளைக்கு நல்லது என்று சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். கால் வீக்கம் மட்டும் என்றால் சாதாரணமாகவும் இருக்கலாம். முகமும் கையும் வீங்குவது, விடாத தலைவலி, கண் மங்குவது, மேல்வயிற்றில் வலி, இவை சாதாரணம் அல்ல. வலிப்பு வரப்போகிறது என்பதற்கு இவை முன்பே தரும் சேதி. வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் சல்பேட் என்ற மலிவான மருந்து இருக்கிறது. 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2002-ல் வெளியான மேக்பை ஆய்வு, அது வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதிக்கு மேல் குறைப்பதைக் காட்டியது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன் முதல் டோஸை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போட்டு அனுப்ப வேண்டும். போட்டாயிற்றா என்று கூட வருபவர் கேட்கத் தயங்க வேண்டாம். குழந்தை பிறந்த பிறகும் வலிப்பு வரலாம் என்பதால் பிரசவமாகி ஒரு வாரம் வரை அழுத்தத்தைப் பார்க்க வேண்டும்.

ஊர் இளைஞர்களின் ரத்த வகையை ஒரு தாளில் எழுதி நர்ஸம்மாவிடம் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள். கர்ப்பிணிக்கு நெகடிவ் வகை என்றால் அதே வகைக்காரர் இருவரையாவது எட்டாம் மாதத்திலேயே கண்டுபிடித்து வைப்பது நல்லது.

திட்டம் தவறிப்போனால்

எவ்வளவு திட்டமிட்டாலும் குறைமாதத்தில் வலி வரும். இரவில் பனிக்குடம் உடையும். அதற்கும் தயாராக இருக்க வேண்டும். ஊரில் எந்த இடத்தில் டவர் கிடைக்கும், 108 எதுவரை ஏறி வரும், அந்த இடத்துக்குப் பெயர் என்ன என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். அதுவரை கொண்டுபோகும் பிக்-அப் அல்லது ஜீப் வைத்திருக்கும் மூன்று பேரிடம் முன்பே பேசி, டீசல் பணத்தைக் குழுவிடம் கொடுத்து வையுங்கள். ஒரே ஒரு வண்டியை நம்பினால் அது அன்றைக்குச் சந்தைக்குப் போயிருக்கும்.

வழியிலோ வீட்டிலோ பிரசவம் ஆகிவிட்டால் குழந்தையைத் துடைத்து உடனே தாயின் நெஞ்சில் போட்டு, இருவரையும் சேர்த்துப் போர்த்துங்கள். தாயை மல்லாக்கப் படுக்கவைத்து, சிறுநீர் கழிக்கச் செய்து, அடிவயிற்றில் கர்ப்பப்பை பந்துபோல் கெட்டியாகும் வரை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துக்கொண்டே வண்டியில் ஏற்றுங்கள். குழந்தை மார்பைச் சப்பினாலே கர்ப்பப்பை சுருங்கும். நஞ்சு விழவில்லை என்று கொடியைப் பிடித்து இழுக்கவே கூடாது. கர்ப்பப்பையே வெளியே வந்துவிடும்.

உதிரப்போக்கைத் தடுக்க மிசோப்ரோஸ்டால் என்ற மாத்திரையும் உண்டு. மருத்துவமனைக்குப் போகவே முடியாத நிலையில் உள்ள பெண்களுக்குச் சுகாதாரப் பணியாளர் மூலம் அதைக் கொடுக்க 2013-ல் மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. உங்கள் ஊருக்கு அது பொருந்துமா என்று நர்ஸம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தை பிறந்த பிறகு, வயிற்றில் இன்னொரு குழந்தை இல்லை என்று உறுதியான பிறகு மட்டுமே அதை விழுங்க வேண்டும். முன்பே விழுங்கினால் கர்ப்பப்பை கிழிந்துபோகலாம். இதே காரணத்துக்காக, வலி சீக்கிரம் வரட்டும் என்று ஊருக்கு வந்து ஊசி போடுபவர்களைப் பிரசவ வீட்டுப் பக்கமே விடாதீர்கள். வயிற்றுக்குள்ளேயே பிள்ளை மூச்சு முட்டி இறப்பதற்கும், தாயின் கர்ப்பப்பை கிழிவதற்கும் அந்த ஒரு ஊசி போதும்.

வயதான மருத்துவச்சி ஊரில் இருந்தால் அவரை ஒதுக்காதீர்கள். பிரசவம் பார்க்கும் பொறுப்பு இனி அவருடையது அல்ல. ஆனால் வலியின் தன்மை தெரிந்தவர், அவர் சொன்னால் வீட்டார் கேட்பார்கள். கர்ப்பிணியோடு துணையாகக் கீழே இறங்க அவரைவிடப் பொருத்தமானவர் யார்?

வீடு திரும்பிய பிறகு

பிரசவம் முடிந்து தாயும் பிள்ளையும் ஊருக்கு வந்ததும் நிம்மதிப் பெருமூச்சு விட்டு எல்லோரும் கலைந்துவிடுகிறார்கள். பச்சிளங்குழந்தைகளின் ஆபத்துக் காலம் அதுதான். உலகில் பிறந்த 28 நாளுக்குள் இறக்கும் குழந்தைகளில் முக்கால்வாசி முதல் வாரத்திலேயே இறக்கின்றன. மலையில் பிரசவமான அன்றே ஓடிவரும் பழக்கம் வேறு இருக்கிறது. குறைந்தது 48 மணி நேரம் ஆஸ்பத்திரியில் இருங்கள். ஆடுகள் பற்றிய ஏற்பாடு அதுவரை நீடிக்கட்டும்.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் அபய் பங், ராணி பங் என்ற மருத்துவர்கள் செய்த வேலையை மலையில் பணிபுரியும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். அதுவும் பழங்குடிகள் வாழும் காட்டுப் பகுதிதான். 39 கிராமங்களில், அதிகம் படிக்காத உள்ளூர்ப் பெண்களுக்கு, வீடு தேடிப்போய்ப் பிறந்த குழந்தையைக் கவனிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். எடை பார்ப்பது, சூடு பார்ப்பது, மூச்சை எண்ணுவது, மூச்சு விடாத குழந்தைக்கு மூச்சு கொடுப்பது, தொற்று அறிகுறி தெரிந்தால் மருந்து கொடுப்பது. எண்ணத் தெரியாத மருத்துவச்சிகளுக்காக மணிகளும் மணல் கடிகாரமும் கொண்ட ஒரு கருவியையும் அபய் பங் உருவாக்கினார். இப்படிக் கவனிப்பு கிடைக்காத 47 கிராமங்களோடு ஒப்பிட்டபோது, பச்சிளங்குழந்தை மரணம் மூன்றாம் ஆண்டில் 62 சதவீதம் குறைந்திருந்தது. 1999-ல் லான்செட் இதழ் இதை வெளியிட்டது. 2011-ல் அதுவே நாடு முழுவதற்குமான திட்டமானது. 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் ஆஷா பணியாளர் வீட்டுக்கு வர வேண்டும் என்ற விதி அங்கிருந்து வந்ததுதான். வீட்டில் பிறந்த குழந்தை என்றால் முதல் நாளும் சேரும்.

தமிழ்நாட்டில் எல்லா ஊர்களிலும் ஆஷா பணியாளர்கள் இல்லை. இருக்கும் இடத்திலும் ஒருவருக்குப் பல குடியிருப்புகள். ஆகவே மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் யார் போய்ப் பார்ப்பது என்பதை மகளிர் குழு தன் பொறுப்பாக எடுத்துக்கொள்ளட்டும். பார்ப்பதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். குழந்தை முன்பு குடித்த மாதிரி பால் குடிக்கிறதா? இதுதான் முதல் கேள்வி, எல்லாவற்றிலும் பெரிய கேள்வியும்கூட. நேற்று நன்றாகக் குடித்த குழந்தை இன்று மார்பைப் பிடிக்காமல் துவண்டு கிடந்தால், காய்ச்சல் இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள். பச்சிளங்குழந்தை உடம்பு காய்வது போலவே சில்லிட்டுப் போவதும் தொற்றின் அடையாளம். நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு, மூச்சு விடும்போது விலாவுக்குக் கீழே குழி விழுவது, வெட்டி வெட்டி இழுப்பது, உள்ளங்கை உள்ளங்காலெல்லாம் மஞ்சளாவது: இவற்றில் எது தெரிந்தாலும் உரம் எடுக்கவோ மந்திரிக்கவோ போய் நேரத்தைக் கழிக்க வேண்டாம்.

முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். சேனை வைப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். வாயில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ வைக்கும் பெரியவருக்கு வேறு மரியாதை செய்யலாம். குழந்தையை முதலில் மடியில் வாங்கும் உரிமையை அவருக்குக் கொடுங்கள். தொப்புளில் சாம்பலோ மஞ்சளோ எண்ணெயோ வேண்டாம், சும்மா விட்டால் தானே காயும். முதல் 24 மணி நேரம் குளிப்பாட்டக் கூடாது. மலைக் குளிரில் இதைக் கடைப்பிடிப்பது மிகவும் அவசியம்.

எடை 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைக்கு நீங்கள் வீட்டிலேயே தரக்கூடிய மிகச் சிறந்த மருத்துவம் தாயின் நெஞ்சுச் சூடு. கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர்கள் போதாமல் தவித்த மருத்துவமனையில் 1970-களின் இறுதியில் மருத்துவர் எட்கர் ரே சனாப்ரியா தொடங்கிய முறை இது. கங்காரு பராமரிப்பு என்கிறோம். குழந்தைக்குத் தொப்பியும் இடுப்புத் துணியும் மட்டும் போட்டு, தாயின் மார்புக்கு நடுவே நிமிர்ந்த வாக்கில் வைத்து, தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, மூக்கு மூடாமல், ஒரு புடவையால் சேர்த்துக் கட்டுங்கள். நாளில் குறைந்தது 8 மணி நேரம், கூடக்கூட நல்லது. தாய் ஓய்வெடுக்கும் நேரத்தில் அப்பா கட்டிக்கொள்ளலாம், பாட்டி கட்டிக்கொள்ளலாம். ஹரியானாவில் 8,402 எடை குறைந்த குழந்தைகளிடம் நடந்து 2019-ல் வெளியான ஆய்வில், வீட்டிலேயே இப்படிக் கட்டிக்கொள்ளச் சொல்லிக்கொடுத்த குடும்பங்களில் முதல் 28 நாள் மரணம் 30 சதவீதம் குறைந்தது. இளம் அப்பாக்கள் இதில் கூச்சப்படுவார்கள். ஒருவர் ஊர் பார்க்கச் செய்துவிட்டால் மற்றவர்களும் செய்வார்கள்.

தாயையும் கவனியுங்கள். தீட்டு என்று தனிக்குடிசையில் வைப்பது, பத்தியம் என்று தண்ணீரைக்கூட அளந்து கொடுப்பது, இரண்டும் அவளைப் பலவீனமாக்கும். பால் சுரக்க வேண்டியவளுக்குத் தண்ணீரும் சோறும் கீரையும் பருப்பும் முட்டையும் தாராளமாகக் கிடைக்க வேண்டும். குளிர்காய்ச்சல், துர்நாற்றத்தோடு தீட்டுப்படுதல், வயிற்று வலி வந்தால் அது ஆறு நாள் கணக்குள்ள கிருமித்தொற்றாக இருக்கலாம். அவகாசம் இருக்கிறதென்று தள்ளிப்போடாமல் அன்றே கிளம்புங்கள். பிள்ளையைப் பார்க்கவும் பிடிக்காமல், தூக்கமின்றி, அழுதுகொண்டே இருந்தால் பேய் பிடித்ததாக நினைக்க வேண்டாம். அதுவும் ஒரு நோய்தான், மருந்து உண்டு.

கணக்கில் வராதவர்கள்

இரண்டு வகைப் பெண்கள் எந்தப் பதிவேட்டிலும் நிற்பதில்லை. குடும்பத்தோடு தோட்ட வேலைக்கும் செங்கல் சூளைக்கும் போகிறவர்கள் ஒரு வகை. அவர்கள் கிளம்பும்போது தாய்-சேய் நல அட்டையும் பிக்மி எண்ணும் பையில் இருக்கிறதா என்று பாருங்கள். நர்ஸம்மாவின் போன் எண்ணையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். போன ஊரில் எந்த அரசு மருத்துவமனைக்கும் அவர்கள் போகலாம்.

இன்னொரு வகை, 18 வயது நிறையாத கர்ப்பிணிகள். வழக்கு வரும், கணவனைப் பிடித்துப் போவார்கள் என்ற பயத்தில் குடும்பமே அவர்களை மறைத்து வைக்கிறது. வளர்ந்து முடியாத உடம்பில் வருகிற கர்ப்பத்துக்குத்தான் வலிப்பும் குறைமாதமும் எடைக்குறைவும் அதிகம், மறைக்கப்படுவதும் அவள்தான். சட்டம் தன் வழியில் போகும். குழந்தைத் திருமணத்தைத் தடுக்க ஊர் தன் பங்கைச் செய்யட்டும். ஆனால் வயிற்றில் பிள்ளையோடு நிற்கும் பெண்ணுக்குச் சிகிச்சை மறுக்க எந்த மருத்துவமனைக்கும் உரிமையில்லை. வழக்குக்குப் பயந்து பிரசவத்தை வீட்டில் வைத்துக்கொண்டால் இழப்பது அவள் உயிராக இருக்கலாம். வீட்டார் கேட்கும் பெரியவர் யாரோ, அவர் நேரில் போய் இதைச் சொல்ல வேண்டும்.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு வேலை. ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அடுத்த மூன்று மாதத்தில் எத்தனை பேருக்குப் பிரசவம் என்று மாதவாரியாக எண்ணிக்கையை நர்ஸம்மாவிடம் கேட்டு, பெயர்களை வெளியிடாமல், சபையில் வையுங்கள். காத்திருப்பு அறை, அடிவாரம் வரை வண்டிச் செலவு, ரோடு ஆகிய மூன்றையும் ஒரே தீர்மானமாக எழுதி, அதில் இந்த எண்ணிக்கையையும் 108 வந்து நிற்கும் இடத்துக்கும் ஊருக்கும் உள்ள தூரத்தையும் சேருங்கள். கடந்த ஆண்டில் ஒரு தாயோ குழந்தையோ இறந்திருந்தால், எந்த மணிக்கு அடையாளம் தெரிந்தது, எந்த மணிக்குக் கிளம்பினார்கள், எப்போது வண்டி வந்தது, எப்போது சிகிச்சை தொடங்கியது என்ற நான்கு நேரங்களையும் எழுதுங்கள். யார்மீதும் பழி போடாமல் நேரத்தை மட்டும் எழுதுங்கள். வட்டார மருத்துவ அலுவலருக்கும் ஆட்சியருக்கும் பிரதி அனுப்பி, அடுத்த சபையில் பதில் என்ன வந்தது என்று முதல் பொருளாகக் கேளுங்கள்.